டியூன் செய்த காரில் இ85: பம்ப்பிலிருந்து மேப் வரை

இ85 என்பது 85 சதவீதம் வரை எத்தனால், மீதி பெட்ரோல் என்ற கலவை. அதைப் பற்றிக் கேள்விப்பட்டதும் எல்லாரும் கேட்பது, "எத்தனை குதிரைத்திறன் கூடும்?" என்றுதான். "என் ஃப்யூல் பம்ப் எவ்வளவு தள்ளும்?" என்று கேட்பவர் அபூர்வம். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி பம்ப், இன்ஜெக்டர், குழாய், ஃபில்டர் என்றே போகும். டைமிங் (தீப்பொறி விழும் நேரம்), பூஸ்ட் (டர்போ காற்றைத் திணிக்கும் அழுத்தம்) என்ற சுவாரசியமான சங்கதிகள் கடைசியில்தான் வரும். நான் பார்த்த உடைந்த எஞ்சின்களில் ஒன்றுகூட எத்தனால் ஒத்துக்கொள்ளாமல் உடையவில்லை. சிலது எரிபொருள் போதாமல் போனது. மற்றது, "நாக்கிங்தான் (கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பது) வரவில்லையே" என்று டைமிங்கை ஏற்றிக்கொண்டே போனதால் போனது.

டர்போ அல்லது சூப்பர்சார்ஜர் உள்ள, இசியு (எஞ்சினை இயக்கும் கணினி) மேப்பை, அதாவது அதன் எரிபொருள், டைமிங் அட்டவணைகளை, மாற்றி எழுத முடிகிற பெட்ரோல் காருக்கான வழிகாட்டி இது. டர்போ இல்லாத, கம்ப்ரஷனையும் தொடாத எஞ்சினில் இதனால் கிடைப்பது கொஞ்சம்தான். அந்தப் பணத்தை டயரிலும் பிரேக்கிலும் போடலாம் என்பது என் கருத்து.

எத்தனால் என்ன செய்கிறது

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 85 சதவீதக் கலவைக்கு ஏறக்குறைய 9.8. உள்ளே வரும் காற்று அதே அளவுதான் என்பதால், எரிபொருளைத்தான் கூட்டியாக வேண்டும். லிட்டர் கணக்கில் பார்த்தால் பெட்ரோலைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகம். இந்த 40 என்ற எண்ணை மனதில் வையுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் சக்தி கூடுவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, அது ஆவியாகும்போது இழுக்கும் வெப்பம். ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாக ஏறக்குறைய 350 கிலோஜூல் வேண்டும் என்றால், எத்தனாலுக்கு 850க்கும் மேல் வேண்டும். அதோடு ஊற்றும் அளவும் கூடுவதால் சிலிண்டருக்குள் போகும் கலவை நன்றாகக் குளிர்கிறது. இரண்டாவது, அதன் ஆக்டேன் எண், அதாவது நாக்கிங்கைத் தாங்கும் திறன். ரிசர்ச் முறையில் எத்தனால் 108 வரை போகும். பெட்ரோலில் நாக்கிங் பயத்தால் பின்னுக்கு இழுத்து வைத்த இக்னிஷன் டைமிங்கை முன்னே தள்ளலாம், பூஸ்ட்டையும் ஏற்றலாம். சக்தி வருவது இந்த இரண்டு வழியாகத்தான்.

கம்பெனிகளே இதைச் செய்து காட்டியிருக்கின்றன. 2005இல் வந்த சாப் 9-5 பயோபவர் பெட்ரோலில் 150 குதிரைத்திறன், இ85இல் 180. கோனிக்செக் யெஸ்கோ பெட்ரோலில் 1280, இ85இல் 1600. இரண்டிலும் எரிபொருளைக் கண்டுகொண்டு இசியு தானாகவே பூஸ்ட்டையும் டைமிங்கையும் மாற்றிக்கொள்கிறது. மேப்பைத் தொடாமல் வெறுமனே இ85 ஊற்றினால் என்ன ஆகும்? கலவை லீன் ஆகும் (எரிபொருள் குறைந்து காற்று மிஞ்சும்), செக் எஞ்சின் விளக்கு எரியும், பூஸ்ட்டில் அழுத்தினால் பிஸ்டன் உருகலாம். சக்தி ஒரு பொட்டுக்கூட ஏறாது.

முதல் படி: பெட்ரோலிலேயே காரின் உடம்பைச் சோதியுங்கள்

கம்ப்ரஷன் டெஸ்ட், முடிந்தால் லீக்-டவுன் டெஸ்ட் (சிலிண்டரிலிருந்து காற்று எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது). பிறகு இப்போதைய பெட்ரோல் டியூனிலேயே மூன்றாவது அல்லது நான்காவது கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து ஒரு லாக் (சென்சார் எண்களின் பதிவு) எடுங்கள். இதைச் சாலையில் செய்யாதீர்கள். டைனோ (காரை உருளைகள் மேல் ஓட்டி சக்தியை அளக்கும் மேடை) அல்லது மூடிய டிராக் வேண்டும். லாகில் ஆர்பிஎம், பூஸ்ட், லாம்ப்டா (காற்று-எரிபொருள் கலவையின் அளவுகோல்), இன்ஜெக்டர் டியூட்டி (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் சதவீதம்), ஃப்யூல் பிரஷர், டைமிங், நாக் சென்சார் திருத்தம் ஆகியவை இருக்க வேண்டும். பெட்ரோலிலேயே தடுமாறும் கார் எத்தனாலில் குணமாகாது.

அந்த லாகில் முதலில் பார்க்க வேண்டியது இன்ஜெக்டர் டியூட்டி. உச்சத்தில் 62 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1.4ஆல் பெருக்கினால் 87. பாதுகாப்பான எல்லை 85 என்பது நடைமுறைக் கணக்கு. ஆக, பூஸ்ட்டைக் கொஞ்சமும் ஏற்றாமலே எல்லை தாண்டிவிட்டது. 70 இருந்தால் 98 வரும், அதாவது இன்ஜெக்டர் மூட நேரமே இல்லை. பூஸ்ட்டையும் ஏற்றும் எண்ணம் இருந்தால் அந்த உயர்வையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பெரிய இன்ஜெக்டர் வாங்குங்கள். வாங்கும்போது லிட்டர் அளவு மட்டும் பார்க்காதீர்கள். டெட் டைம் (இன்ஜெக்டர் திறக்க ஆகும் தாமதம்) அட்டவணையும் நான்கும் ஒரே அளவு பாய்கின்றன என்ற சோதனைத் தாளும் தருகிற இடத்தில் வாங்குங்கள். அவை இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் இன்ஜெக்டரில் ஐடில் (ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடுவது) சரிசெய்வதற்கே வாரக்கணக்கு ஓடும். அந்த அனுபவம் எனக்கு உண்டு.

இரண்டாம் படி: பம்ப்

பம்ப் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். மணிக்கு 255 லிட்டர் என்றால் அது பொதுவாக 3 பார் அழுத்தத்தில், முழு வோல்ட்டேஜில் அளந்தது. டர்போ காரில் ரெகுலேட்டர் (எரிபொருள் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) பூஸ்ட்டுக்கு ஈடாக அழுத்தத்தை ஏற்றும். அடிப்படை 3 பார், பூஸ்ட் 1.5 பார் என்றால் பம்ப் 4.5 பாரை எதிர்த்துத் தள்ள வேண்டும். அழுத்தம் ஏற ஏறப் பாய்ச்சல் குறையும்.

ஒரு கணக்கு. நான்கு இன்ஜெக்டர், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 1000 சிசி, 80 சதவீத டியூட்டி. நிமிடத்துக்கு 3.2 லிட்டர், மணிக்கு 192 லிட்டர். இந்த 192ஐ 4.5 பாரில் தந்து, அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்காவது கையிருப்பு வைத்திருக்கும் பம்ப்தான் உங்களுக்கு வேண்டியது. பம்ப் தயாரிப்பாளரின் வரைபடத்தில் அந்த அழுத்தத்துக்கு நேரே என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். எத்தனாலுக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட பம்ப்பாகவும் இருக்க வேண்டும்.

பிறகு வயரிங். கம்பெனி வயர் மெல்லியது, வழியில் வோல்ட்டேஜ் இறங்கும். பேட்டரியில் 13.8 இருக்கும்போது பம்ப் முனையில் 11.9தான் வருகிறது என்றால், புது பம்ப்பின் பலத்தில் கணிசமான பகுதி வயரிலேயே போய்விட்டது. ரிலே வைத்து, தடித்த வயரைப் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக நேரடியாக இழுங்கள். டேங்க்குக்குள் இருக்கும் இணைப்புகளில் செம்பு வெளியே தெரியக் கூடாது. பெட்ரோல் மின்சாரத்தைக் கடத்தாது. இ85 ஓரளவு கடத்தும், திறந்த முனைகளை மெல்ல அரித்துவிடும்.

பொருத்திய பிறகு அளந்து பார்க்கலாம். எஞ்சினை அணைத்து, பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டி, ரெகுலேட்டரின் வேக்குவம் முனையில் கைப்பம்பால் 1.5 பார் அழுத்தம் கொடுத்து, ரிட்டர்ன் குழாயை அளவு போட்ட கேனுக்குள் விட்டு, பம்ப்பை மட்டும் 30 விநாடி ஓட விடுங்கள். மேலே சொன்ன காருக்கு 1.6 லிட்டருக்கு மேல் விழ வேண்டும். திறந்த வெளியில், தீயணைப்பான் பக்கத்தில் இருக்க, தனியாக இல்லாமல் செய்யுங்கள்.

எரிபொருளைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் நேரடி இன்ஜெக்ஷன் கார்களில் கதை வேறு. டேங்க் பம்ப்பை மாற்றினாலும், எஞ்சின் மேல் உள்ள உயரழுத்த பம்ப் ஒரு எல்லைக்கு மேல் தராது. அதனால்தான் அந்த வகைக் கார்களில் பலர் 30 சதவீத எத்தனால் கலவையோடு நின்றுவிடுகிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எத்தனால் தரும் நாக்கிங் எதிர்ப்பில் பெரும்பகுதி முதல் 40, 50 சதவீதத்துக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. முழு இ85 வேண்டுமென்றால் உயரழுத்த பம்ப்பை மாற்றவோ, இன்டேக்கில் கூடுதல் இன்ஜெக்டர் வைக்கவோ வேண்டும்.

மூன்றாம் படி: குழாயும் ஃபில்டரும்

பழைய கார் என்றால் ரப்பர் குழாய்களைச் சந்தேகியுங்கள். இயற்கை ரப்பர், கார்க் கேஸ்கெட், பூச்சில்லாத அலுமினியம், மக்னீசியம், துத்தநாகம் ஆகியவை எத்தனாலோடு நாள்பட ஒத்துப்போகாது. டெஃப்லான் உள்ளுறை கொண்ட குழாய், விட்டான் என்ற செயற்கை ரப்பரில் செய்த ஓ-ரிங், நைலான், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அனோடைஸ் செய்த அலுமினியம் நன்றாகத் தாங்கும். டெஃப்லான் குழாயில் கார்பன் கலந்து மின்கடத்தும் உள்ளுறை உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் பாயும் எரிபொருள் நிலைமின்சாரத்தைச் சேர்த்து, குழாயில் நுண்துளை விழலாம். டேங்க்குக்குள் மூழ்கியிருக்கும் துண்டுக் குழாயை மறந்துவிடுவார்கள். வெளியே போடும் குழாய் உள்ளே தாங்காது. மூழ்குவதற்கென்றே செய்த குழாய் தனியாக உண்டு.

ஃபில்டரில் நான் பட்டது ஒன்று. எத்தனால் நல்ல கரைப்பான். வருடக்கணக்கில் டேங்க் சுவரில் ஒட்டியிருந்த கசடையெல்லாம் கரைத்துக்கொண்டு வரும். என் காரில் மூன்றாவது டேங்க்கில் ஐடில் அருமை, நிதானமாக ஓட்டினாலும் அருமை. முழு பூஸ்ட்டில் மட்டும் 0.80இல் நிற்க வேண்டிய லாம்ப்டா 0.90ஐத் தொட்டது. பம்ப்பைக் குறை சொல்லிக் கழற்றி, மாற்றி, அரை நாள் வீண். கடைசியில் ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் உள்ளே காப்பித்தூள் மாதிரி கசடு. காகித ஃபில்டரைத் தவிர்த்து, மைக்ரோகிளாஸ் அல்லது ஸ்டெயின்லெஸ் வலை ஃபில்டர் போடுங்கள். பம்ப்புக்குப் பின்னால் 10 மைக்ரான் வேண்டும். இரண்டு மூன்று டேங்க் ஓடியதும் மாற்றுங்கள் அல்லது கழுவுங்கள்.

நான்காம் படி: டேங்க்கில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பங்க்கில் இ85 என்று எழுதியிருப்பதாலேயே அதில் 85 சதவீதம் இருக்காது. அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் டி5798 தரம், 51 முதல் 83 சதவீதம் வரை எதையும் இந்தப் பெயரில் விற்க இடம் தருகிறது. குளிர்காலத்தில் வேண்டுமென்றே பெட்ரோலைக் கூட்டுவார்கள், இல்லையென்றால் வண்டி கிளம்பாது. 80க்கு டியூன் செய்த நிலையான மேப்பில் 60 ஊற்றினால் கலவை ரிச் ஆகும் (எரிபொருள் மிஞ்சும்), ஆனால் டைமிங் அந்த எரிபொருளுக்கு அதிகம். ஆபத்து அங்கேதான்.

கைச்சோதனை எளிது. அளவு போட்ட 100 மி.லி. கண்ணாடிக் குழாயில் 50 மி.லி. தண்ணீர், அதன் மேல் 50 மி.லி. எரிபொருள். மூடிக் குலுக்கி, சில நிமிடம் விடுங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே போகும், பெட்ரோல் மேலே தனி அடுக்காக நிற்கும். மேலடுக்கு 10 மி.லி. என்றால் 50இல் 10 பெட்ரோல், ஆக எத்தனால் ஏறக்குறைய 80 சதவீதம்.

கைச்சோதனையை ஒவ்வொரு முறையும் செய்யப் பொறுமை இருக்காது என்பதால் ஃப்ளெக்ஸ் ஃப்யூல் சென்சாரே மேல். எத்தனாலும் பெட்ரோலும் மின்புலத்தில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதை வைத்து அது எத்தனால் சதவீதத்தை அளக்கிறது. பரவலாகக் கிடைக்கும் வகை, சுத்தப் பெட்ரோலுக்கு 50 ஹெர்ட்ஸ், சுத்த எத்தனாலுக்கு 150 ஹெர்ட்ஸ் தரும். எண்ணிலிருந்து 50ஐக் கழித்தால் சதவீதம். 125 ஹெர்ட்ஸ் என்றால் 75. எரிபொருளின் வெப்பநிலையையும் அதே சிக்னலின் துடிப்பு அகலத்தில் அனுப்பும். எரிபொருளில் தண்ணீர் கலந்திருந்தால் அளவைக் கூட்டிக் காட்டும். பங்க்கில் கிடைக்கவே முடியாத எண் வந்தால் மகிழ்ச்சியடையாமல் தண்ணீரைச் சந்தேகியுங்கள்.

இந்தச் சென்சாரை நான் கூடுதல் வசதியாக நினைப்பதில்லை. இது இல்லாமல் தொடங்க வேண்டாம் என்பதே என் அறிவுரை.

டேங்க்கில் கலப்பதற்கான கணக்கும் தெரிந்திருக்கட்டும். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 15 லிட்டர் மிச்சம், மேலே 80 சதவீதம் உள்ள இ85 35 லிட்டர். எத்தனால் 1.5 கூட்டல் 28, மொத்தம் 29.5 லிட்டர். 50 லிட்டரில் அது 59 சதவீதம். நிரப்பியதும் புதுக் கலவை சென்சாருக்கும் இன்ஜெக்டருக்கும் வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும். எண் நிலையாகும் வரை பூஸ்ட்டைத் தொடாமல் ஓட்டுங்கள்.

தொழிற்சாலை ஆல்கஹாலை வாங்கி வீட்டில் கலக்கும் யோசனை சிலருக்கு வரும். அதில் எதைச் சேர்த்துக் குடிக்க முடியாதபடி ஆக்கியிருக்கிறார்கள், எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. வேண்டாம்.

ஐந்தாம் படி: பிளக்

ஒரு ஹீட் ரேஞ்ச் குளிர்ந்த பிளக், அதாவது முனையின் சூட்டை வேகமாக வெளியேற்றும் பிளக், போடுங்கள். எத்தனால் நாக்கிங்கை நன்றாகத் தாங்கும், ஆனால் சூடான பரப்பு பட்டால் தீப்பொறிக்கு முன்பே பற்றிக்கொள்ளும் இயல்பு அதற்கு உண்டு. பழுத்துச் சிவந்த பிளக் முனை அதற்குப் போதும். பூஸ்ட் அதிகமென்றால் இடைவெளியை 0.6, 0.7 மி.மீ. அளவுக்குக் குறைக்க வேண்டியிருக்கும். காயில்கள் பழையவையா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: மேப்

இங்கே டியூனர் வருகிறார். முதல் முறை நீங்களே செய்ய வேண்டாம், ஆனால் பக்கத்தில் இருந்து என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

முதலில் மீட்டரை லாம்ப்டாவுக்கு மாற்றுங்கள். காற்று-எரிபொருள் விகிதத்தில் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும். லாம்ப்டா 1 என்றால் எந்த எரிபொருளானாலும் சரியான எரிதல். பூஸ்ட்டில் 0.80 என்பது பெட்ரோல் அளவுகோல் வைத்த மீட்டரில் 11.8 என்று தெரியும். இ85இன் உண்மை விகிதம் அப்போது 7.8. இரண்டு பேர் ஒரே காரைப் பற்றி இரண்டு எண் சொல்லி அடித்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

வரிசை இப்படி: புது இன்ஜெக்டர் தரவு, ஐடில், மெதுவான ஓட்டம். பிறகு மிகக் குறைந்த பூஸ்ட்டில், பெட்ரோல் டைமிங்கை அப்படியே வைத்து லாம்ப்டாவை மட்டும் சரிசெய்வது. அது ஆர்பிஎம் முழுக்க நேர்கோடாக வந்து, ஃப்யூல் பிரஷரும் அசையாமல் நின்றால்தான் பூஸ்ட்டைப் படிப்படியாக ஏற்றலாம். டைமிங் கடைசி.

டைமிங்கில்தான் பெட்ரோல் பழக்கம் உங்களைக் கவிழ்க்கும். பெட்ரோலில் டைமிங்கை முன்னே தள்ளினால் ஓரிடத்தில் நாக்கிங் வந்து நிறுத்தும். இ85இல் அந்தக் காவலாளி இல்லை. உச்ச டார்க் கிடைக்கும் புள்ளியைத் தாண்டியும் எந்தச் சத்தமும் இல்லாமல் போய்க்கொண்டே இருக்கலாம். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும், டார்க் ஏறாது, கனெக்டிங் ராட் மட்டும் வேதனைப்படும். அதனால் நாக் சென்சாரை நம்பி டியூன் செய்யாமல் டைனோவின் டார்க் கோட்டைப் பார்த்துச் செய்ய வேண்டும். ஒரு டிகிரி கூட்டுங்கள். டார்க் ஏறவில்லையா, அந்த டிகிரியை எடுத்துவிடுங்கள், இன்னும் ஒன்றிரண்டையும் சேர்த்து எடுங்கள். குறைந்த ஆர்பிஎம்மில் முழு பூஸ்ட்டைக் கொட்டும் ஆசையையும் அடக்குங்கள். கம்பெனி ராட் வளைவது உச்ச குதிரைத்திறனில் அல்ல, 3000, 3500 ஆர்பிஎம்மில் திடீரென்று எழும் டார்க்கில்தான்.

ஃப்ளெக்ஸ் மேப்பில் பெட்ரோலுக்கு ஒரு அட்டவணை, எத்தனாலுக்கு ஒரு அட்டவணை, இடையே சென்சார் எண்ணை வைத்துக் கலக்கும் கோடு. எரிபொருள் அளவுக்கு அந்தக் கோடு ஏறக்குறைய நேராகப் போகலாம். டைமிங்குக்குத் தனிக் கோடு வேண்டும். எத்தனால் 50 சதவீதத்துக்கு மேல் போனால் டைமிங்கில் கூட்டுவதற்கு அதிகம் மிச்சம் இருக்காது.

பாதுகாப்புப் பூட்டுகளை டியூனரிடம் கேட்டு வாங்குங்கள். சென்சார் செத்தால் பெட்ரோல் டைமிங்கும் குறைந்த பூஸ்ட்டும் வர வேண்டும். பூஸ்ட்டில் லாம்ப்டா எல்லை தாண்டினாலோ, ஃப்யூல் பிரஷர் இறங்கினாலோ இசியு எஞ்சின் சக்தியை உடனே வெட்ட வேண்டும். எனக்கு நடந்த அந்த ஃபில்டர் அடைப்பில் எஞ்சின் பிழைத்தது இந்தப் பூட்டினால்தான்.

குளிர்ந்த காலையில்

சுத்த எத்தனால் ஏறக்குறைய 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பற்றும் அளவு ஆவியைத் தராது. பிரேசிலின் எத்தனால் கார்களில் ஸ்டார்ட் செய்வதற்கென்றே சின்ன பெட்ரோல் டேங்க் ஒன்று நெடுங்காலம் இருந்தது. இ85இல் உள்ள கொஞ்சப் பெட்ரோல்தான் முதல் சில விநாடி எஞ்சினைப் பிடித்துக்கொள்கிறது. ஸ்டார்ட் நேர எரிபொருளை டியூனர் நிறையக் கூட்ட வேண்டும், அதைப் பகலில் சூடான எஞ்சினில் சரிபார்க்க முடியாது. காரை ஓரிரவு விட்டுவிட்டு வரச் சொன்னால் முணுமுணுக்காமல் விட்டுவிட்டு வாருங்கள். ஸ்டார்ட் ஆகாமல் பிளக் நனைந்துவிட்டால் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துச் சுற்றுங்கள். பல இசியுக்கள் அப்போது இன்ஜெக்டரை நிறுத்திவிடும், சிலிண்டர் காயும்.

பிறகு அன்றாடம்

ஒரு டேங்க்கில் ஓடும் தூரம் கால் பங்குக்கு மேல் குறையும். நெடும் பயணத்தில் இ85 கிடைக்காத இடங்களுக்கும் போக நேரும் என்பதால் ஃப்ளெக்ஸ் மேப்பின் அருமை அப்போது தெரியும்.

ஆயிலைக் கவனியுங்கள். ஊற்றும் எரிபொருள் அதிகம், அதில் ஒரு பகுதி ரிங்கைத் தாண்டி ஆயிலில் சேரும். ஐந்து நிமிடம் ஓட்டி அணைக்கும் பழக்கம் இருந்தால் ஆயில் மூடிக்கு அடியில் மோர் மாதிரி வெள்ளை நுரை தெரியும். வாரம் ஒருமுறையாவது எஞ்சின் ஆயில் நன்றாகச் சூடாகும்படி அரை மணி ஓட்டுங்கள். ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்குங்கள்.

மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் இ85ஓடு நிறுத்த வேண்டாம். காற்றின் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும், இன்ஜெக்டர் முனையில் கறுப்புப் பிசின் படியும். நிறுத்துவதற்கு முன் ஒரு டேங்க் நல்ல பெட்ரோல் ஓட்டி, ரெயிலிலும் (இன்ஜெக்டர்களுக்கு எரிபொருளைப் பிரித்துத் தரும் குழாய்) மற்ற குழாயிலும் அதுவே நிற்கும்படி செய்யுங்கள்.

சுத்த எத்தனாலின் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகப் படாது. பெட்ரோல் கலந்திருப்பதால் இ85இன் சுடர் தெரியும், ஆனாலும் கசிவை அலட்சியப்படுத்தாதீர்கள். முதல் வாரம் தினமும் டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். காரில் உலர்தூள் தீயணைப்பான் இருக்கட்டும். வாரண்டியும் புகைச் சட்டமும் உங்கள் இடத்தில் என்ன சொல்கின்றன என்பதைப் பம்ப் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

ஃப்ளெக்ஸ் சென்சார் வைக்காமல் தனித்தனி மேப்போடு ஓட்டுபவர்கள் பெட்ரோலுக்குத் திரும்பும்போது, முதலில் டேங்க்கைக் காலி செய்து பெட்ரோல் நிரப்பி, பழைய எரிபொருள் தீர்ந்துபோகும் வரை பூஸ்ட்டை மிதிக்காமல் ஓட்டுங்கள். கண்ணாடிக் குழாய்ச் சோதனையில் எத்தனால் பெட்ரோலின் அளவுக்கு இறங்கிவிட்டது என்று பார்த்த பிறகே முழு ஆக்சிலரேட்டர்.